தங்கராஜு இன்னும் உள்ளேதான்

1

இந்தக் கதை ஒரே ஒரு வரியிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி: தங்கராஜுவின் பெயர், அவர் உட்கார்ந்த திரையின் எண், அவர் உள்ளே நுழைந்த தேதி. வெளியேறிய தேதி இல்லை.

அவருடைய சாம்பலைப் போர்டிக்சன் கடலில் கரைத்துவிட்டு வந்த அன்று சாயங்காலம், மயிலம்மாள் ஈரத் தலையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இப்போது யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று அதனிடம் கேட்டாள். அதற்கென்று சின்னக் கட்டளை ஒன்று இருந்தது. கணவர் தங்கராஜு சொல்லிக் கொடுத்தது. கம்ப்யூட்டர் முதலில் அவர் பெயரைச் சொன்னது. அடுத்து அவள் பெயரை. வேறு யாரும் இல்லை.

இதில் மாயம் எதுவும் கிடையாது. பெயரும் கடவுச்சொல்லும் தட்டி நுழைந்தவர், தானாக வெளியேறும்வரை உள்ளே இருப்பதாகத்தான் அந்தப் பெட்டியின் கணக்கு. அன்று காலை அவர் எதையோ பார்க்க உட்கார்ந்தார், தொழிற்சாலை பஸ் வந்தது, அப்படியே எழுந்து போனார். மத்தியானம் வேலையிடத்திலேயே நெஞ்சு அடைத்தது. பெட்டிக்கு அதை யாரும் சொல்லவில்லை.

கதையில் வருகிறவளுக்கு மயிலம்மாள் என்று பெயர் வைத்திருக்கிறேன். "நான்" என்று எழுதிப் பார்த்தேன். மூன்றாவது வரியில் கை நின்றுவிடுகிறது. மயிலம்மாள் என்று எழுதினால் அவள் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைக்கிறாள், வாளியைத் தூக்கிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறாள். வேலை நடக்கிறது. அதனால் அவளே இருக்கட்டும்.

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

ஒன்று: "தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் மாதத்தில், மயிலம்மாள் தன்" — நிறுத்திவிட்டேன். ரப்பர் மரம் இலையை உதிர்த்தால் யாரோ இறக்கப் போகிறார்கள் என்று படிக்கிறவருக்குத் தெரிந்துபோகும். தங்கராஜு போனது மரமெல்லாம் தளதளவென்று பச்சையாக நின்ற மாதத்தில்.

இரண்டு: "லினக்ஸ் என்பது விலை கொடுக்காமல் கிடைக்கும், கம்ப்யூட்டரை இயக்குகிற" — இது பாடப் புத்தகம்.

மூன்றாவதில் ராக்கம்மா கதவைத் தட்டாமல் உள்ளே வந்துவிட்டாள். அவள் வந்த வரிகளை அடித்துவிட மனமில்லை.

"ஏய் மயிலு, என் மவ கடுதாசி வந்திருச்சா பாரு. நேத்தும் இல்லைன்ன."

"இன்னும் ஆறு மணி ஆகலக்கா. ஆறு மணிக்குத்தான் அது போன் போடும்."

"ஒரு நாளு முன்னக்கூட்டிப் போட்டா கொறைஞ்சா போயிரும்? கவர்மென்டு ஆபீஸா வச்சிருக்கான் ஒம் புருசன்?"

ராக்கம்மா பக்கத்து வீடு. அவள் மகள் சிங்கப்பூரில் வேலை செய்தாள். அந்த லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பாதிப் பேருடைய பிள்ளைகள் அப்படித்தான் எங்கெங்கோ இருந்தார்கள். தங்கராஜுவுக்குச் சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் எந்திரம் பழுது பார்க்கிற வேலை. பழைய உதிரிகளைச் சேர்த்து முன் கூடத்தில் ஒரு பெட்டியை நிறுத்தி, கோலாலம்பூரில் வாங்கிய சிடியிலிருந்து லினக்ஸ் ஏற்றினார். சாயங்காலம் ஆறு மணிக்கு அது தானாக மோடம் வழியே போன் போட்டு, லயத்துக்கு வந்த மின்னஞ்சலையெல்லாம் இழுத்துக்கொண்டு வந்து வீட்டுக்கு ஒரு பெட்டியாகப் பிரித்துப் போடும். மயிலம்மாள் வாசித்துச் சொல்வாள்.

"'அம்மா, மொளகாத்தூள் முடிஞ்சிருச்சு. இங்க விக்கிறது காரமே இல்ல.' அவ்வளவுதான்க்கா."

"அவ்வளவுதானா? நல்லா இருக்கேன்னு எழுதலியா?"

"மொளகாத்தூள் கேக்கறான்னா நல்லாத்தான இருக்கா."

(இந்த இடத்தில் தங்கராஜு சிரித்ததாக எழுதியிருந்தேன். பிறகு பார்த்தால், அவர் எப்படிச் சிரிப்பார் என்று ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. நாலு நாள் அதிலேயே போயிற்று. அவர் சிரித்தார்.)

3

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

லயத்து வீட்டு முன் கூடத்தில் சாமான் வைக்க இடம் ஏது? இறந்தவர் படத்தை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தபோது, ராக்கம்மா யாரையும் கேட்காமல் படத்தைக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டர் பெட்டியின் தலைமேல் வைத்தாள்.

"தம்பி எந்நேரமும் குந்தியிருந்த எடம். வேற எங்க வைக்கறது?"

யாருக்கும் அதில் தப்பு தெரியவில்லை. மயிலம்மாளுக்கு அது சரியென்றே பட்டது. படத்துக்குச் செவ்வந்தி மாலை. முன்னால் விளக்கு. காலையும் மாலையும் சாம்பிராணி. மாலை கனமானது. படத்தின் மேலிருந்து பெட்டியின் முதுகுப் பக்கம் சரிந்து தொங்கியது. காய்ந்த மாலையை எடுத்தால் புதுசு போட்டார்கள். காரியம் முடிந்து, உறவுக்காரர்கள் போன பிறகும் மயிலம்மாள் நிறுத்தவில்லை. விளக்கை அணையவிடக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். பெட்டியை அணைக்கக் கூடாது என்று அவளே முடிவு செய்துகொண்டாள். இரண்டும் ஒரே மேசையில் எரிந்தன.

அவர் விட்டுப்போன முதல் திரையை அவள் தொடவில்லை. அங்கே எழுத்து எதுவும் இல்லை. கட்டளை கேட்கிற குறி, பக்கத்தில் மின்னுகிற கர்சர், அவ்வளவுதான். இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தினால் இரண்டாவது திரைக்குப் போகலாம். கடிதங்களை அங்கிருந்தே வாசித்தாள். படுக்கப் போகும் முன் ஒரு தடவை முதல் திரையைப் பார்த்துவிட்டுப் போவாள். தூங்குகிற ஆளின் போர்வையைச் சரிசெய்கிற மாதிரி — இல்லை, இது வேண்டாம். பார்த்துவிட்டுப் போவாள்.

ஒரு நாள் பெட்டிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. வெயிலில் ரப்பர் காய் வெடிக்குமே, அந்த மாதிரி. டக். கொஞ்சம் பொறுத்து மறுபடி டக். திரையில், டிஸ்க்கை வாசிக்க முடியவில்லை என்று ஆங்கிலத்தில் வரிவரியாக ஓடியது. அன்று ராக்கம்மா மகளின் கடிதம் பாதியில் அறுந்து வந்தது.

4

அர்ச்சுனன் என்கிற பாத்திரத்தை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை. தங்கராஜுவோடு வேலை செய்தவன், அவருக்குத் தம்பி மாதிரி. முதல் தடவை எழுதியபோது ரொம்ப நல்லவனாக வந்துவிட்டான். கூப்பிட்டதும் ஓடி வருகிறான், கண் கலங்குகிறான். அப்படி ஒருவனை யார் நம்புவார்கள்? அதனால் உள்ளது உள்ளபடி சேர்க்கிறேன்: மூன்று ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லி வரவில்லை. நாலாவது ஞாயிறு வந்தபோது, தங்கராஜுவிடம் எப்போதோ இரவல் வாங்கிய ஸ்குரூடிரைவரோடு வந்தான்.

பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தான்.

"அண்ணி, உள்ளாற யாரு சாம்பிராணி போட்டது?"

"நான்தான்டா. அதுக்கென்ன இப்ப?" ராக்கம்மா வாசலில் நின்றாள்.

"கோயிலு மூலஸ்தானம்கூட இவ்வளவு கறுப்பா இருக்காதுலா. பின்னால பாரு, காத்து வெளிய போற ஓட்டை முழுக்கப் பூவு. சூடு போக வழியில்ல. டிஸ்க்கு வெந்துபோச்சு."

"செத்தவனுக்குச் சாம்பிராணி போடாம, ஒங்க பேக்டரி எண்ணெயையா ஊத்துவாங்க?"

"எங்க வேணும்னாலும் போடு, அக்கா. இதோட மூக்குல போடாத."

ராக்கம்மா கிட்டே வந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். கையை இழுத்துக்கொண்டாள். முகம் மாறிவிட்டது. "காச்சக்காரன் ஒடம்பு மாதிரியில்ல சுடுது. ஈரத்துணி போட்டு எடுக்கட்டுமா?"

"வேணாம்க்கா! ஒன்னையக் கையெடுத்துக் கும்புடறேன், வேணாம்!"

மயிலம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு மாலையைக் கழற்றினாள். இலையும் இதழும் விசிறியில் ஒட்டிக்கொண்டு சுலபத்தில் வரவில்லை.

பிறகு அர்ச்சுனன் விஷயத்தைச் சொன்னான். வருஷக்கணக்காக நிற்காமல் சுற்றிய டிஸ்க் அது. சுற்றுகிறவரை ஏதோ ஓடும். ஒரு தடவை அணைத்தால் மறுபடி எழும்பாது. அணைக்காமலே வேறு பெட்டிக்கு எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும். அவனிடம் ஒரு பெட்டி இருந்தது, தொழிற்சாலை ஆபீசில் கழித்துவிட்டது. வேறு ஜாதி, இதைவிட வேகம்.

"எல்லாம் வந்துருமா?"

"எல்லாமே வரும் அண்ணி. கடுதாசி, ஆளுங்க பேரு, ஆறு மணிக்குப் போன் போடறது, எல்லாம்."

அவள் இரண்டாவது திரையில் அந்தக் கட்டளையைத் தட்டிக் காட்டினாள். அவன் அந்த வரியைப் படித்தான். தேதியைப் பார்த்தான்.

"இவரு?" என்றாள்.

அவன் ஸ்குரூடிரைவரை மேசைமேல் வைத்தான்.

"அது பைலு இல்ல அண்ணி. இப்ப நீங்க நாக்காலியில உக்காந்திருக்கீங்க. நாக்காலிய லோரியில ஏத்திரலாம். உக்காந்திருக்கறத எப்படி ஏத்தறது?"

(அர்ச்சுனன் இதைச் சொல்லவில்லை. "அது வராதுலா" என்று மட்டும்தான் சொன்னான், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. நாற்காலி எனக்குப் பின்னால் தோன்றியது. அவன் வாயில் வைத்ததற்கு அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். இருந்தாலும் அவன் சொன்னதே சரியாக இருந்ததோ என்று இப்போது தோன்றுகிறது.)

5

பழைய பெட்டியை அப்படியே ஓடவிட்டு வைத்துக்கொண்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். மயிலம்மாளும் கேட்டாள். டிஸ்க் செத்தால் சாகட்டும், எதையும் வாசிக்கக் கேட்காதவரை பெட்டி கொஞ்ச காலம் மெமரி என்கிற தன் ஞாபகத்திலேயே ஓடும் என்று அர்ச்சுனன் ஒப்புக்கொண்டான். மேசை அங்கே, படம் அங்கே, அவர் உள்ளே. அவளுக்கு அது போதும்.

ஆனால் வீடு அவளுடையதல்ல. தோட்டத்தை வீடமைப்புக்காரர்களுக்கு விற்றுவிட்டார்கள்.* மாதக் கடைசிக்குள் லயத்தைக் காலி செய்ய வேண்டும். சிரம்பான் பக்கம் தெமியாங்கில் அடுக்குமாடி ஒன்றில் அவளுக்கும் ராக்கம்மாவுக்கும் வாடகைக்கு வீடு கிடைத்திருந்தது. பிளக்கைப் பிடுங்காமல் ஒரு பெட்டியை வீடு மாற்ற முடியாது.

* தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. அங்கே இப்போது இருக்கிற வீடுகளுக்கு ஒரு பூவின் பெயர். அதில் குடியிருப்பவர்கள் இந்தக் கதைக்குப் பொறுப்பில்லை.

6

மாற்றிய நாள் ஞாயிறு. பிரிண்டர் செருகுகிற ஓட்டையிலிருந்து புதுப் பெட்டியின் அதே ஓட்டைக்கு அர்ச்சுனன் தானே செய்த கேபிளைப் போட்டான். காலையில் ஆரம்பித்தது சாயங்காலம்வரை போயிற்று. பழைய பெட்டி ஒவ்வொரு பெயராகத் திரையில் எழுதி எழுதி அனுப்பியது. மயிலம்மாள் ஸ்டூல் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். அரிசி களைய ஒரு தடவைதான் எழுந்தாள். பெயர்கள் மேலே ஏறி மறைந்தன. நடுவில் டக் என்று சத்தம் வரும், எல்லாம் நின்றுவிடும். அர்ச்சுனன் மூச்சைப் பிடிப்பான். மறுபடி நகரும்.

"என் மவ கடுதாசி போயிருச்சா?"

"மொத ஆளா போயிருச்சுக்கா. மொளகாத்தூளோட."

கொஞ்சம் வரவில்லை. வாசிக்க முடியாத இடங்களை விட்டுவிட்டு மேலே போகச் சொன்னான் அர்ச்சுனன். வராதது என்ன என்று மயிலம்மாளுக்குத் தெரியாது. அவர் அவளுக்குக் காட்டாத எதுவோ. காட்டலாம் என்று வைத்திருந்ததோ, காட்ட ஒன்றுமில்லை என்று விட்டதோ. தெரிந்த பொருள் தொலைந்தால் தேடலாம். இதை எங்கே போய்...

புதுப் பெட்டியை அதன் டிஸ்க்கிலிருந்தே முதல் தடவை போட்டபோது அது ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து எழுதிவிட்டு நின்றது.

"என்னடா, புது மருமவ மாதிரி நடையிலயே நிக்குது?"

"உள்ள எந்தப் பக்கம் போவணும்னு தெரியலக்கா. டிஸ்க்குல எங்க ஆரம்பிக்கறதுன்னு நாம சொல்லணும்." ஒரு பிளாப்பியைப் போட்டுப் பெட்டியை எழுப்பி எதையோ தட்டினான். மறுபடி போட்டான். இந்தத் தடவை திரையில் எழுத்து மளமளவென்று கொட்டியது. புது மோடம் ஓட்டையை அதற்குக் காட்டிக் கொடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஆறு மணிக்கு மோடம் கீச்சென்று கத்தியது. லயத்துக் கடிதங்களெல்லாம் வந்து விழுந்தன. ராக்கம்மா கைதட்டினாள்.

மயிலம்மாள் தன் பெயரைத் தட்டி நுழைந்து, யார் யார் உள்ளே என்று கேட்டாள்.

ஒரு பெயர்தான் வந்தது. அவளுடையது.

பக்கத்தில் பழைய பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதையும் கேட்டாள். அங்கே இரண்டு பேர்.

7

இனி முடிவுகள். எழுதிப் பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

மழை. லோரி வருவதற்கு முந்தின மத்தியானம் இடி இடித்து மின்சாரம் போகிறது. யாரும் எதையும் அணைக்கவில்லை, வானம் அணைத்தது. இப்படி ஒரு முடிவு வந்தால் மயிலம்மாள் கும்பிட்டு வாங்கிக்கொள்வாள். ஆனால் நம் கதைகளில் மழை ஏற்கெனவே நிறைய வேலை பார்த்துவிட்டது. அதற்கும் ஓய்வு வேண்டும்.

அடுத்தது அர்ச்சுனன் நிஜமாகவே சொன்னது. "ஸ்டோர்ல பேட்டரிப் பெட்டி ஒண்ணு இருக்கு அண்ணி. இரவல் வாங்கியாறேன். பிளக்க அதுல மாத்திட்டா கரண்டு இல்லாமலே கொஞ்ச நேரம் ஓடும். லோரியில வச்சு ஓட்டிக்கிட்டே தெமியாங் போயிரலாம்." இதை நான் பல பக்கம் எழுதினேன். மயிலம்மாள் லோரியின் பின்பக்கம் பாய்க்கட்டின்மேல் உட்கார்ந்து, சூடான பெட்டியை மடியில் வைத்திருக்கிறாள். செம்மண் சாலை முடிந்து தார்ச்சாலை வருகிறது. சுங்கை காடுட்டில் தொழிற்சாலை வாசலைத் தாண்டும்போது அவள் பெட்டியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புகிறாள். சிரம்பான் கடைத்தெரு. எல்லா வழியிலும் அவர் உள்ளே. எழுத எழுத எனக்குக் கதையை முடிக்கவே தோன்றவில்லை. லோரியை நீலாய் வழியாகச் சுற்றிவிட்டேன், ஒரு காரணமும் இல்லாமல்.

அர்ச்சுனனே அதைக் கெடுத்தான். "செம்மண் ரோட்டுல மொதக் குழியிலயே டிஸ்க்கு போயிரும். போனாலும் பரவால்ல. படியில தூக்கறதுக்குள்ள பேட்டரியும் போயிரும் அண்ணி. நீங்க அங்க மாடிப்படியில நின்னு அழுவீங்க. இங்கேயே அழுதா பாக்கறது நாங்க மட்டும்தான், எங்க கண்ணோட போயிரும்."

இதை அவன்தான் சொன்னான். நான் சேர்க்கவில்லை.

8

ஆகவே அவள் அணைக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்காமல், முறைப்படி.

சனிக்கிழமை காலை. சாமான் எல்லாம் லோரிக்குப் போய்விட்டது. கூடத்தில் மேசையும் பழைய பெட்டியும் நாற்காலியும் மட்டும். படத்தை ராக்கம்மா சேலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

"நிறுத்தச் சொன்னா அது ஒடனே நிக்காது அண்ணி," என்றான் அர்ச்சுனன். "உள்ள இருக்கற எல்லாருக்கும் மொதல்ல ஒரு சேதி அனுப்பும். நிக்கப் போவுது, வேலைய முடிச்சுக்குங்கன்னு. எத்தன நிமிசம் டைம் குடுக்கறதுன்னு நாம சொல்லலாம். சேதியையும் நாமளே எழுதலாம்."

"எல்லாருக்குமா?"

"உள்ள இருக்கற எல்லாரு திரையிலயும் வரும்."

அவன் வேண்டிய கட்டளையைத் தட்டி, ஐந்து நிமிடம் என்று போட்டு, சேதிக்கு இடம் விட்டு எழுந்தான். நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் நிறுத்துவதற்கும் ஒரு வழி காட்டினான். வெளியே போய் லோரிக் கயிற்றை இறுக்கத் தொடங்கினான். இறுக்கியதையே மறுபடி இறுக்கினான்.

மயிலம்மாள் தட்டினாள். தமிழை ஆங்கில எழுத்தில்.

மாமா நீங்க

அழித்தாள்.

இத்தன நாளா நான் ஒங்கள

அழித்தாள்.

சாப்பிட்டீங்

இதை அழிக்க நேரமாயிற்று.

(இங்கே நான் அவளுக்காக எழுதிக் கொடுத்த வாக்கியங்கள் பதினைந்துக்கு மேல் இருக்கும். சில நன்றாகவே இருந்தன. எல்லாம் படிக்கிறவருக்காக எழுதியவை. அவள் ஒருத்தருக்குத்தான் எழுதினாள்.)

"மயிலு," ராக்கம்மா வாசலிலிருந்து குரல் கொடுத்தாள். "வர்றியா, நாங்க நிக்கட்டுமா?"

"நில்லுங்கக்கா."

கடைசியில் அவள் தட்டியது இது:

மாமா, வீடு மாறிப் போறோம். தெமியாங். அடுக்குமாடி, மூணாவது மாடி, படி ஏறினதும் எடது கைப் பக்கம். ராக்கம்மாக்காவும் அங்கதான்.

கடைசி விசையைத் தட்டினாள். இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தி முதல் திரைக்குப் போனாள். அங்கே சேதி வந்திருந்தது. அனுப்பியவள் பெயரோடு, அவள் எழுதிய அதே வார்த்தைகள். கீழே, இன்னும் ஐந்து நிமிடத்தில் இயந்திரம் நிற்கும் என்ற அறிவிப்பு.

கதையை நான் இங்கே விட்டுவிடுகிறேன். நேரம் முடிந்ததா, அதற்குள் அவள் ரத்து செய்தாளா என்பது எனக்குத் தெரியும். சொல்லப் போவதில்லை. நீங்கள் முடித்துக்கொள்ளலாம். அவசரம் வேண்டாம், அந்த ஐந்து நிமிடத்தை வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டிய இடத்தை மட்டும் காட்டிவிட்டுப் போகிறேன்: அறிவிப்புக்குக் கீழே, அடுத்த வரியின் தொடக்கத்தில், கர்சர் மின்னிக்கொண்டிருக்கிறது. அவள் விசைப்பலகையைத் திரைக்கு உள்ளே இருப்பவருக்கு எட்டும்படி எதிர்ப்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, நாற்காலியை விட்டு எழுந்து, மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கிறாள்.